1976 தெஹ்ரான் வான் சம்பவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஹ்ரான் சம்பவம் என்று எதைச் சொல்கிறார்கள்?

1976 செப்டம்பர் 19 அன்று, நள்ளிரவு தாண்டிய வேளையில், ஈரான் தலைநகரின் வானில் தெரிந்த ஒரு பிரகாசமான ஒளியைப் பார்த்து வருவதற்காக ஈரான் விமானப்படை இரண்டு எஃப்-4 ஃபேன்டம் போர் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. அந்த ஒளியை நெருங்கியபோது இரு விமானங்களிலும் கருவிகளும் வானொலித் தொடர்பும் செயலிழந்தன என்றும், இரண்டாவது விமானத்தின் மீது அந்த ஒளியிலிருந்து பிரிந்து வந்த இன்னொரு பொருள் பாய்ந்தது என்றும், அதன்மீது ஏவுகணை செலுத்த விமானி முயன்ற அதே கணத்தில் ஆயுதக் கட்டுப்பாட்டுப் பலகை அணைந்துபோனது என்றும் அறிக்கை கூறுகிறது. விமானிகள் கண்ட அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களைப் பற்றிய பேச்சில் இந்த நிகழ்ச்சி அரை நூற்றாண்டாகத் தவறாமல் இடம்பெறுகிறது.

இதைப் பற்றிய அடிப்படை ஆவணம் எது?

அமெரிக்கப் பாதுகாப்பு உளவு முகமை வழியாக வாஷிங்டனுக்குச் சென்ற ஒரு தந்திச் செய்தியே அடிப்படை ஆவணம். அப்போது ஈரானில் ஷாவின் ஆட்சி நடந்தது. அந்நாட்டு விமானப்படைக்கு எஃப்-4 விமானங்களை விற்றதும் பயிற்சி அளித்ததும் அமெரிக்காதான் என்பதால், தெஹ்ரானில் அமெரிக்க இராணுவ ஆலோசனைக் குழு ஒன்று நிலையாகவே இயங்கியது. இரண்டாவது விமானத்தின் விமானியிடம் ஈரானிய அதிகாரிகள் விவரம் கேட்டபோது அக்குழுவைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஓலின் மூயி உடனிருந்து குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளே செய்தியாக எழுதப்பட்டு வெள்ளை மாளிகை, வெளியுறவுத் துறை, முப்படைத் தலைமை, சிஐஏ உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டன. பின்னர் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அது பொதுமக்கள் கைக்கு வந்தது.

அளவில் அது மிகச் சிறியது. சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்தச் சில பக்கங்களின் விரிவுரை என்பதை வாசகர் முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது.

முதலில் பார்த்தவர்கள் யார்?

பொதுமக்கள். தெஹ்ரானின் வடபகுதியான ஷெமிரானிலிருந்து இரவு 12.30 மணியளவில் நான்கு தொலைபேசி அழைப்புகள் வந்தன. பறவை போன்ற ஒன்று தெரிகிறது என்றார் ஒருவர். விளக்குடன் ஒரு ஹெலிகாப்டர் நிற்கிறது என்றார் இன்னொருவர். அந்நேரத்தில் ஹெலிகாப்டர் எதுவும் பறக்கவில்லை. மெஹ்ராபாத் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அன்றிரவு ஹொசைன் பிரூஸி பொறுப்பில் இருந்தார். விமானப்படையின் செயல்பாட்டுப் பிரிவில் இருந்த பிரிகேடியர் ஜெனரல் யூசெஃபிக்குத் தகவல் போனபோது, அவை வெறும் விண்மீன்கள்தான் என்று அவர் முதலில் சமாதானம் சொன்னார். பிறகு தாமே வெளியே வந்து பார்த்தார். விண்மீனைப் போன்றே, ஆனால் அதைவிடப் பெரிதாகவும் ஒளி மிக்கதாகவும் ஒன்று தெரியவே, ஹமதானுக்கு வடக்கே உள்ள ஷாஹ்ரோக்கி விமானத் தளத்திலிருந்து ஒரு எஃப்-4ஐக் கிளப்ப உத்தரவிட்டார்.

ஜெனரல் தம் கண்ணால் கண்டதாகச் செய்தி பதிவு செய்வது இவ்வளவே: ‘விண்மீன் போன்றது, பெரியது, பிரகாசமானது.’ நிறம் மாறும் விளக்குகளும் பிரிந்து செல்லும் பொருள்களும் பின்னர் விமானிகளின் விவரிப்பில்தான் வருகின்றன.

முதல் விமானத்துக்கு என்ன நேர்ந்தது?

இரவு 1.30க்குக் கிளம்பிய அது, தெஹ்ரானுக்கு வடக்கே சுமார் 40 கடல் மைல் தொலைவிலுள்ள ஓர் இடத்தை நோக்கிச் சென்றது. ஒளி 70 மைலுக்கு அப்பாலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. 25 கடல் மைல் தொலைவுக்குள் வந்ததும் கருவிகளும் வானொலியும் விமானத்துக்குள் இருவர் பேசிக்கொள்ளும் இணைப்பும் ஒருசேர நின்றுபோயின. விமானி திரும்பித் தளத்தை நோக்கிச் சென்றபோது எல்லாம் மீண்டும் இயங்கத் தொடங்கின. செய்தி இதை ஒரு சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறது. “இனி அதற்கு அச்சுறுத்தலாக இல்லாததுபோல் விமானம் விலகியதும்” என்ற பொருள்படும் ஒரு சொற்றொடர் இங்கே நுழைந்துவிடுகிறது. அது கண்டதைச் சொல்வதன்று. கண்டதற்குக் காரணம் கற்பிப்பது. உளவு அறிக்கை ஒன்றில் இப்படியொரு ஊகம் போகிற போக்கில் கலந்திருப்பதைப் பலரும் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது விமானம் கண்டது என்ன?

1.40க்குக் கிளம்பிய இந்த விமானத்தை ஓட்டியவர் அப்போது மேஜராக இருந்த பர்விஸ் ஜஃபாரி. எஃப்-4இல் முன்னிருக்கையில் விமானியும் பின்னிருக்கையில் ரேடாரைக் கவனிப்பவரும் இருப்பார்கள். பின்னிருக்கைக்காரர் 27 கடல் மைல் தொலைவில், நேர் முன்னே சற்று உயரத்தில், ஒரு பொருளை ரேடாரில் பிடித்தார். மணிக்கு 150 கடல் மைல் வீதத்தில் இடைவெளி குறைந்தது. 25 கடல் மைலுக்கு வந்ததும் அந்தப் பொருள் விலகிச் சென்று அதே தொலைவைத் தக்கவைத்துக்கொண்டது. ரேடார் திரையில் அது ஒரு போயிங் 707 எரிபொருள் விமானத்தின் அளவில் தெரிந்தது. கண்ணால் பார்த்து அளவிட முடியாத அளவுக்கு ஒளி கடுமையாக இருந்தது: செவ்வக அமைப்பில் நீலம், பச்சை, சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் மின்னும் விளக்குகள், எல்லா நிறங்களும் ஒரே நேரத்தில் தெரிகிற வேகத்தில் மாறி மாறி எரிந்தன.

தெஹ்ரானுக்குத் தெற்கே துரத்தல் தொடர்ந்தபோது, நிலவின் தோற்றத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ இருக்கும் இரண்டாவது ஒளி முதல் ஒளியிலிருந்து வெளிப்பட்டு நேரே விமானத்தை நோக்கி வந்தது. ஜஃபாரி ஏஐஎம்-9 ஏவுகணையைச் செலுத்த முயன்றார். அந்தக் கணத்தில் ஆயுதக் கட்டுப்பாட்டுப் பலகை அணைந்தது. வானொலியும் உள்பேச்சு இணைப்பும் போயின. அவர் விமானத்தை வளைத்துக் கீழ்நோக்கிப் பாய்ச்சித் தப்ப முயன்றார். அந்தப் பொருள் மூன்று நான்கு கடல் மைல் பின்னால் தொடர்ந்து, பிறகு வளைவின் உட்புறமாகச் சென்று, தான் வெளிப்பட்ட ஒளியுடனேயே மீண்டும் சேர்ந்துகொண்டது.

சிறிது நேரத்தில் மூன்றாவது ஒன்று மறுபக்கமிருந்து வெளிப்பட்டு நேர்கீழாக இறங்கியது. பெரிய வெடிப்பு நிகழும் என்று எதிர்பார்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வியப்பு: அது மெதுவாகத் தரையில் அமர்ந்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் பரப்புக்கு வெளிச்சம் பாய்ச்சியது. விமானம் 26,000 அடியிலிருந்து 15,000 அடிக்கு இறங்கி, இடத்தைக் குறித்துக்கொண்டது.

தரையிறங்கும்போதும் ஏதோ நடந்ததாகச் சொல்கிறார்களே?

ஆம். வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போனதால் இருளுக்குப் பழகுவதற்காக மெஹ்ராபாத்தைச் சில முறை சுற்றிவிட்டே இறங்க வேண்டியிருந்தது. அப்படிச் சுற்றுகையில், விமான நிலையத்திலிருந்து 150 பாகை திசையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வானொலித் தொடர்பு அறுந்தது. வழிகாட்டிக் கருவி 30 முதல் 50 பாகை வரை தடுமாறியது. அந்நேரத்தில் அங்கே வந்த ஒரு பயணிகள் விமானத்துக்கும் அதே பகுதியில் தொடர்பு அறுந்தது. ஆனால் அதிலிருந்தவர்கள் எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

இந்தக் கடைசி வாக்கியம் முழு ஆவணத்திலும் மிகச் சுவையானது என்பது என் எண்ணம். எதையும் காணாத ஒரு விமானத்துக்கும் அதே இடத்தில் அதே கோளாறு வந்தது என்றால், ஒளிக்கும் வானொலித் தடைக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்; அந்தப் பகுதியிலேயே, தரையிலிருந்து வந்த ஏதோவொரு குறுக்கீடு இருந்திருக்கலாம். அந்த ஒளியை விளக்க முடியாத பறக்கும் பொருள் என்று நம்புபவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமான சாட்சியமாக எண்ணுகிறார்கள். நிதானமாகப் படித்தால் அது இருபக்கமும் வெட்டுகிறது.

தரையிறங்கியதாகச் சொல்லப்பட்ட இடத்தில் என்ன கிடைத்தது?

பொழுது விடிந்ததும் விமானக் குழுவினரை ஹெலிகாப்டரில் அழைத்துச் சென்று காட்டச் சொன்னார்கள். அவர்கள் சுட்டிய இடம் வறண்ட ஏரிப் படுகை. அங்கே எந்தத் தடமும் இல்லை. ஆனால் மேற்கே சுற்றி வந்தபோது விட்டுவிட்டு ஒலிக்கும் வானொலிச் சமிக்ஞை ஒன்று தெளிவாகக் கேட்டது. அது மிக வலுவாகக் கேட்ட இடத்தில் தோட்டத்துடன் ஒரு சிறு வீடு இருந்தது. இறங்கி விசாரித்தார்கள். இரவில் பெரிய சத்தம் கேட்டது, மின்னல் போன்ற வெளிச்சம் தெரிந்தது என்று வீட்டார் சொன்னார்கள். கதிர்வீச்சு உள்ளதா என்று விமானமும் அந்தப் பகுதியும் சோதிக்கப்படுகின்றன என்ற வரியுடன் செய்தி முடிகிறது. முடிவு என்ன என்பது அதில் இல்லை.

விட்டுவிட்டு ஒலிக்கும் சமிக்ஞைக்கு ஐயவாதிகள் எளிய விளக்கம் ஒன்றைத் தருகிறார்கள். பெரிய இராணுவப் போக்குவரத்து விமானங்களில் விபத்து நேர்ந்தால் தானே ஒலிக்கும் அவசர வானொலிக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். மலைத்தொடருக்கு மேலே காற்றுக் கொந்தளிப்பில் அது கழன்று விழுவதும் உண்டு. அப்படி விழுந்த ஒன்றுதான் அங்கே ஒலித்திருக்கும் என்கிறார்கள். அந்த வீட்டருகில் கருவி எதுவும் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தியில் இல்லை என்பதால், இது பொருத்தமான ஊகம் என்ற அளவிலேயே நிற்கிறது.

அமெரிக்க அரசு இதை “மிகச் சிறந்த அறிக்கை” என்று பாராட்டியது உண்மையா?

உண்மை, ஆனால் பாராட்டப்பட்டது எது என்பதைப் பார்க்க வேண்டும். 1976 அக்டோபரில் பாதுகாப்பு உளவு முகமையில் மேஜர் ரோலண்ட் எவன்ஸ் ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினார். இத்தகைய நிகழ்வை ஆராய வேண்டிய எல்லா அளவுகோல்களையும் நிறைவு செய்யும் முன்மாதிரி இது என்று அதில் எழுதினார். பல இடங்களிலிருந்து பலர் பார்த்தது, சாட்சிகளின் நம்பகத்தன்மை, ரேடார் உறுதிப்பாடு, மூன்று விமானங்களில் மின்காந்த விளைவு, விமானக் குழுவினரின் இரவுப் பார்வை பாதிக்கப்பட்டது, பொருள்களின் அசாதாரண இயக்கம் ஆகியவற்றைக் காரணங்களாக வரிசைப்படுத்தினார்.

இந்தப் படிவம் வந்து சேர்ந்த தகவல் எவ்வளவு பயனுள்ளது என்று தரமிடும் அலுவலகத் தாள். அதை நிரப்பியவர் தெஹ்ரானுக்குப் போய் விமானத்தைச் சோதித்துவிட்டு எழுதவில்லை. தம் மேசைக்கு வந்த செய்தியைப் படித்து எழுதினார். அவர் வரிசைப்படுத்திய காரணங்கள் ஒவ்வொன்றும் அந்தச் செய்தியிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆகவே படிவத்தைச் செய்திக்கு ஆதாரமாகக் காட்டுவது, ஒருவர் சொன்னதையே அவருக்குச் சாட்சியாக நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்க விமானப்படை தனியாக விசாரிக்கவில்லையா?

இல்லை. இத்தகைய காட்சிகளை விசாரித்துவந்த புளூ புக் திட்டம், 12,618 அறிக்கைகளைப் பதிவு செய்து அவற்றில் 701ஐ அடையாளம் காணப்படாதவையாக விட்டுவிட்டு, 1969 டிசம்பரிலேயே மூடப்பட்டிருந்தது. 1976இல் இந்தப் பணிக்கென்று அமெரிக்க விமானப்படையில் பிரிவு எதுவும் இல்லை. நிகழ்ந்ததோ வேறொரு நாட்டின் வானில், வேறொரு நாட்டின் விமானங்களுக்கு. 1978இல் கேப்டன் ஹென்றி ஷீல்ட்ஸ் என்ற அதிகாரி மின்னணுக் குறுக்கீடுகள் பற்றிய ஓர் இராணுவ இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதுவும் புதிய விசாரணையன்று, மறுசொல்லல்தான்.

வியாழன் கோள்தான் காரணம் என்கிறார்களே, அது எவ்வளவு பொருந்தும்?

ஓரளவு பொருந்தும். அந்த வாரத்தில் வியாழன் ரிஷப ராசிப் பகுதியில் மிகப் பிரகாசமாக இருந்தது. நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில் தெஹ்ரானிலிருந்து பார்ப்பவருக்கு அது கிழக்கு வானில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே தெரிந்திருக்கும். ‘விண்மீன் போன்றது, அதைவிடப் பெரியது’ என்ற ஜெனரலின் வருணனைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வானில் இல்லை. மேலும், ஷாஹ்ரோக்கியிலிருந்து தெஹ்ரானை நோக்கிப் பறக்கும் விமானத்தின் மூக்கு ஏறத்தாழக் கிழக்கையே பார்க்கும். எவ்வளவு விரைந்தாலும் நெருங்க முடியாத, எப்போதும் அதே தொலைவில் நிற்பதாகத் தோன்றும் ஒளி என்பதும் கோளுக்குப் பொருந்தும் இலக்கணம்தான். இருளில் தனித்துத் தெரியும் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாமலே அசைவதாகத் தோன்றும் என்பது விமானிகளின் பயிற்சியில் சொல்லித்தரப்படும் பாடம்.

பொருந்தாதவையும் உண்டு. முதல் விமானம் சென்றது தெஹ்ரானுக்கு வடக்கே உள்ள இடத்துக்கு. வியாழன் இருந்தது கிழக்கே. துரத்தல் தெற்கு நோக்கித் திரும்பியதற்கும் கோள் விடை சொல்லாது. ரேடார் எந்தக் கோளையும் பிடிக்காது. செவ்வகமாக அமைந்த நான்கு நிற விளக்குகளும் கோளிடம் இல்லை. அடிவானத்தை ஒட்டிய விண்மீன் நிறம் மாறி மினுக்குவதுண்டு, அவ்வளவு உயரத்திலுள்ள வியாழன் அப்படி மினுக்குவதில்லை. ஷெமிரான் மக்களும் ஜெனரலும் பார்த்தது வியாழன் என்று நான் தயக்கமின்றி ஏற்பேன். இரண்டாவது விமானம் கண்டது முழுவதும் அதுவே என்று ஏற்க மாட்டேன்.

பிரிந்து சென்ற சிறு ஒளிகள்?

எரிகற்கள் என்பதே ஐயவாதிகளின் விடை. செப்டம்பர் நடுப்பகுதியில் சிறு எரிகல் பொழிவுகள் சில நடக்கின்றன. நேர்கீழாக விரைந்து இறங்கிய ஒளிக்கு இது நன்றாகவே பொருந்தும். தரையில் அமர்ந்து நின்று ஒளிவீசியதற்கும், விமானத்தைப் பின்தொடர்ந்ததற்கும் பொருந்தாது.

இதையொட்டி இன்னொரு செய்தியும் உண்டு. அதே இரவில் மொராக்கோ நாட்டின் பல ஊர்களிலும் வானில் ஒளிர்ந்து சென்ற ஒன்று காணப்பட்டது. அந்நாட்டு அதிகாரிகள் அமெரிக்கத் தூதரகத்தை விசாரித்தபோது, பெரிய எரிகல்லாகவோ கீழே விழும் செயற்கைக்கோளின் சிதைவாகவோ இருக்கலாம் என்று வாஷிங்டனிலிருந்து பதில் சென்றது. இரு நாடுகளின் காட்சிகளையும் ஒரே பொருளின் பயணமாக இணைத்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியை நிரப்ப இடையில் எந்தச் சாட்சியும் இல்லாமல் அப்படி இணைப்பது துணிச்சலான காரியம்.

கருவிகள் செயலிழந்ததற்கு விளக்கம் உண்டா?

விவாதத்தின் உயிர்நாடி இதுதான். விமானத் துறைப் பத்திரிகையாளரும் இத்தகைய காட்சிகளைத் தொடர்ந்து ஐயுற்று எழுதியவருமான ஃபிலிப் கிளாஸ், ஷாஹ்ரோக்கி தளத்தில் ரேடார் பராமரிப்புக்காக இருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத் தொழில்நுட்பர்கள் வழியாகச் சில தகவல்களைத் திரட்டினார். அவர் எழுதியபடி, மின்கோளாறு நேர்ந்தது இரண்டாவது விமானத்தில் மட்டுமே. அந்த விமானத்துக்கு அவ்வப்போது மின்சாரம் தடைபடும் வரலாறு முன்பே இருந்தது. ரேடார், தானே இலக்கைத் தொடரும் நிலையில் அல்லாமல் கையால் இயக்கும் நிலையில் இருந்திருந்தால் இல்லாத பொருளும் 25 மைலில் நிலையாக நிற்பதாகக் காட்டியிருக்கும் என்றும் அவர் வாதிட்டார். நடு இரவில் எழுப்பி அனுப்பப்பட்ட குழுவினரின் களைப்பையும் பதற்றத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

இங்கே ஒரு நேரடி முரண் இருக்கிறது. தந்திச் செய்தி இரு விமானங்களும் பாதிக்கப்பட்டன என்கிறது; கிளாஸின் தகவலாளர்கள் ஒன்றுதான் என்கிறார்கள். செய்தி, நிகழ்ந்த கையோடு விமானியின் வாயிலிருந்து எழுதப்பட்டது. ஆனால் விவரம் கேட்கப்பட்டவர் இரண்டாவது விமானத்தின் விமானி, முதல் விமானத்துக்கு நேர்ந்தது அவருக்குக் கேள்வி ஞானம். கிளாஸின் தகவலோ காலம் கடந்து, நிகழ்ச்சியை நேரில் காணாதவர்களிடமிருந்து பெறப்பட்டது. இந்த முரணைத் தீர்க்கக்கூடியவை இரு விமானங்களின் பராமரிப்புப் பதிவேடுகள் மட்டுமே. வெளிவந்துள்ள ஆவணங்களில் அவற்றின் பக்கம் ஒன்றுகூட இல்லை.

செய்தியில் தரைநிலை ரேடார் பற்றிய குறிப்பே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ரேடார் உறுதிப்பாடு’ என்று மதிப்பீட்டுப் படிவம் சொல்வது, கோளாறு கண்டதாகக் கூறப்படும் அதே விமானத்தின் ரேடாரைத்தான்.

விமானி ஜஃபாரி பின்னாளில் என்ன சொன்னார்?

அவர் ஜெனரலாக உயர்ந்து ஓய்வு பெற்றார். 2007 நவம்பர் 12 அன்று வாஷிங்டனில் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில், பல நாடுகளின் முன்னாள் விமானிகளும் அதிகாரிகளும் கூடிய கூட்டத்தில் தம் அனுபவத்தை நேரில் விவரித்தார். அடிப்படைக் கதை 1976இன் செய்தியோடு ஒத்துப்போகிறது. ஒளி கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துப் பாகை வலப்புறம் தாவியது போன்ற விவரங்கள் பின்னாளைய விவரிப்புகளில் கூடுதலாக வருகின்றன. முப்பது ஆண்டுக்குப் பின் சொல்லப்படும் விவரத்தை, அடுத்த நாள் எழுதிவைத்த குறிப்புக்குச் சமமாக வைக்க முடியாது. அதற்காக அவருடைய நேர்மையை ஐயுறத் தேவையும் இல்லை.

இன்று மீண்டும் விசாரித்தால் எதைக் கண்டறிய முடியும்?

வானில் அன்றிரவு எது எங்கே இருந்தது என்பதை நிமிடக் கணக்கில் கணித்துவிடலாம். ஒளி தெரிந்த திசையைச் சாட்சிகள் பாகைக் கணக்கில் பதிவு செய்திருந்தால் வியாழன் வாதம் ஒரு மாலைப்பொழுதில் முடிவுக்கு வந்திருக்கும். விமானக் குழு இருவரையும் தனித்தனியே விசாரித்த பதிவுகள், கோபுரத்துக்கும் விமானத்துக்கும் நடந்த உரையாடலின் முழு ஒலிப்பதிவு, ஏவுகணைப் பலகையின் மின்சுற்றுச் சோதனை, கதிர்வீச்சு அளவீட்டின் முடிவு, 150 பாகை திசையில் தரையில் இயங்கிய வானொலி நிலையங்களின் பட்டியல் ஆகியவை வேண்டும். இவற்றைத் திரட்ட வேண்டிய அரசு 1979 பிப்ரவரிப் புரட்சியில் வீழ்ந்தது. அமெரிக்க ஆலோசனைக் குழுவும் அத்தோடு வெளியேறியது. எஞ்சியிருப்பவை அந்தத் தந்திச் செய்தியும், அதன்மேல் நிரப்பப்பட்ட படிவமும், பிற்காலத்து நேர்காணல்களுமே.